கடைக்காலைத் தின்னும் நீர்

2018 ஆகஸ்டில் மேட்டூர் அணையிலிருந்து விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. முக்கொம்பில் பிரிந்து கொள்ளிடத்தில் இறங்கிய வெள்ளம், திருச்சியில் 1928 முதல் நின்றிருந்த பழைய இரும்புப் பாலத்தை முட்டியது. அதன் தூண்களில் விரிசல் கண்டது. தூண்கள் இறங்கின, சாய்ந்தன, பிறகு மேலிருந்த இரும்புச் சட்டங்களோடு ஆற்றில் விழுந்தன. பக்கத்திலேயே புதிய பாலம் வந்துவிட்டதால் அப்போது பழைய பாலத்தில் வாகனங்கள் ஓடவில்லை. பல பத்தாண்டுகள் பேருந்தையும் லாரியையும் சுமந்த பாலம், எந்தச் சுமையும் இல்லாத நாட்களில் விழுந்தது.

அதன் தூண்களுக்குப் பிடிமானமாக இருந்த மணலை வெள்ளம் வாரிக்கொண்டு போயிருந்தது. அதே மாதம் 22ஆம் தேதி இரவு, கொஞ்ச தூரம் மேற்கே, முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. ஆர்தர் காட்டன் 1836இல் கட்டத் தொடங்கிய அணை அது.

கட்டடம் இடிந்தால் சிமெண்டில் கலப்படமா, கம்பி போதவில்லையா என்றுதான் முதலில் கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் சுவரும் தூணும் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அவற்றைத் தாங்கும் மண் இடம்பெயர்ந்துவிட்டால் அந்த உறுதிக்குப் பயனில்லை. மண்ணை இடம்பெயர்ப்பது பெரும்பாலும் நீர். அதுவும் பல வீடுகளில், வீட்டுக்காரர்களே அறியாமல் சுவரோரத்தில் விட்ட நீர்.

மூன்றும் சேர்ந்தால்தான் அரிப்பு

ஒரு வீட்டின் எடை சுவர் வழியாகவும் தூண் வழியாகவும் இறங்கி, அஸ்திவாரத்தின் அடிப்பரப்பில் பரவி, மண்ணுக்குப் போய்ச் சேர்கிறது. மணலும் சரளையும் அந்த எடையைத் தாங்குவதற்குக் காரணம், துகள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உராய்வில் நிற்பதுதான். களிமண்ணில் இதோடு துகள்களுக்கிடையிலான ஒட்டும் தன்மையும் சேர்கிறது. துகள்களில் ஒரு பங்கு வெளியேறினாலே மீதமுள்ளவை தளர்ந்து புதிய இடம் தேடி நகர்கின்றன. மேலே நிற்கும் சுவர் அந்த அளவுக்கு இறங்குகிறது.

எல்லா மண்ணும் ஒரே மாதிரி அரிபடுவதில்லை. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் பிலிப் யூல்ஸ்ட்ரோம் 1935இல் வெளியிட்ட வரைபடம் இதைத் தெளிவாகக் காட்டியது. மிக எளிதில் கிளம்புவது மணல். அதைவிடப் பருத்த சரளையைக் கிளப்ப வேகமான ஓட்டம் தேவை, காரணம் எடை. அதைவிட நுண்ணிய களிமண்ணைக் கிளப்பவும் வேகமான ஓட்டம் தேவை, காரணம் ஒட்டுதல். ஆனால் களிமண் ஒருமுறை கிளம்பிவிட்டால் மிக மெதுவான நீரிலும் மிதந்து வெகுதூரம் போய்விடும். மணலும் வண்டலும் கலந்த நிலத்தில் கட்டிய வீடுகள் கூடுதல் கவனம் கேட்பது இதனால்தான்.

வேகத்தின் கணக்கு இன்னும் அச்சுறுத்துவது. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால், அந்த நீரால் உருட்ட முடிந்த கல்லின் எடை 64 மடங்காகிறது. 19ஆம் நூற்றாண்டிலேயே பொறியாளர்கள் கண்டறிந்த விதி இது. ஆண்டு முழுவதும் ஒரு துகளைக்கூட அசைக்காத வாய்க்கால், ஒரே இரவு மழையில் கருங்கல்லைப் புரட்டுவது இப்படித்தான்.

அரிப்பு நடக்க மூன்று தேவை: ஓடும் நீர், ஓட்டத்தோடு போகக்கூடிய மண், அந்த மண் வெளியேற ஒரு வழி. மூன்றில் எதை அடைத்தாலும் அரிப்பு நின்றுவிடும். கட்டடப் பொறியியல் இதற்காகக் கண்டுபிடித்த உத்திகள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் தடுக்கின்றன.

கூரையிலிருந்து விழும் 45 ஆயிரம் லிட்டர்

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்த மழையில் ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி ஒன்றில் விழுந்த நீர் ஏறக்குறைய 45 ஆயிரம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் தண்ணீர் லாரிகள் கிட்டத்தட்ட நான்கு, ஒரே நாளில் அந்த வீட்டின் மேல் கொட்டியதற்குச் சமம்.

திறந்த வயலில் விழுந்தால் அந்த நீர் பரவி ஊறிவிடும். மாடியில் விழுந்ததோ இரண்டு மூன்று குழாய்கள் வழியாக ஒரே இடத்தில் இறங்குகிறது. பல வீடுகளில் அந்தக் குழாய் சுவரின் மூலையில், தரைக்கு இரண்டடி மேலேயே முடிந்துவிடுகிறது. மேலிருந்து வேகமாக வரும் நீர் கீழே ஒரு குழியைப் பறிக்கிறது. குழியில் நின்ற நீர் அடுத்து மூலைக்கு அடியில் இறங்குகிறது. மூலை, இரண்டு சுவர்களின் எடை கூடும் இடம். வீட்டின் அதிகச் சுமை எங்கே இறங்குகிறதோ, அங்கேயே வீட்டின் நீர் எல்லாம் கொட்டப்படுகிறது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. அஸ்திவாரத்துக்காக வானம் தோண்டும்போது சுவரின் அகலத்தைவிட அதிகமாகவே தோண்டுவார்கள். கட்டி முடித்த பின் பக்கவாட்டு இடைவெளியில் தோண்டிய மண்ணையே தள்ளி மூடுவார்கள். அரை அடி, முக்கால் அடி அடுக்குகளாகப் போட்டு, நீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்தால் அது இறுகும். வேலையை முடிக்கும் அவசரத்தில் பெரும்பாலும் இது நடப்பதில்லை. இரண்டு பருவமழைக்குள் அந்தத் தளர்ந்த மண் அமுங்கி, வீட்டைச் சுற்றிலும் தரை சுவரை நோக்கிச் சரிகிறது. அதன் பிறகு பெய்யும் ஒவ்வொரு மழையும் அஸ்திவாரத்தைத் தேடி வருகிறது.

பழைய ஓட்டு வீடுகள் இந்த நீரை வேறுவிதமாகக் கையாண்டன. இறவாணம் சுவரைத் தாண்டி நீண்டிருக்கும். அதன் கீழே திண்ணை இருக்கும். கூரை நீர் திண்ணைக்கும் அப்பால், சுவரிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளித்தான் விழும். விழும் இடத்தில் கல் பதித்திருப்பார்கள். மண் சுவரும் ஆழமில்லாத கடைக்காலும் கொண்ட வீடுகள் தலைமுறைகளாக நின்றதில் இந்த மூன்று நான்கு அடிக்கு நிச்சயம் பங்குண்டு. மொட்டை மாடி வந்தபோது இறவாணமும் திண்ணையும் போயின. அவை செய்த வேலையை வேறு எதனிடமும் நாம் ஒப்படைக்கவில்லை.

நிலத்துக்குள் நடக்கும் குடைவு

மேற்பரப்பில் ஓடும் நீராவது கண்ணுக்குத் தெரிகிறது. நிலத்துக்குள் கசியும் நீர் செய்யும் அரிப்பு, கடைசி நாள் வரை தெரிவதில்லை. மண்ணுக்குள் கசிந்து செல்லும் நீர், வெளியேறும் இடத்தில் ஒரு துகளைத் தள்ளிவிடுகிறது. அந்த இடம் காலியானதும் நீருக்குப் பாதை சற்று எளிதாகிறது, வேகம் கூடுகிறது, அடுத்த துகள் போகிறது. இப்படி வெளிவாயிலிருந்து பின்னோக்கி, உள்நோக்கி, ஒரு குழாய் போலக் குடைவு வளர்கிறது.

குவாத்தமாலா நாட்டின் தலைநகரில் 2010 மே இறுதியில் இதன் உச்சத்தை உலகம் பார்த்தது. புயல் மழைக்கு நடுவே, நகரின் நடுவில் சுமார் 20 மீட்டர் அகலமும் 90 மீட்டர் ஆழமும் கொண்ட வட்டமான பள்ளம் திறந்து, மூன்று மாடிக் கட்டடம் ஒன்றை விழுங்கியது. 2007இலும் அதே நகரில் அப்படியொரு பள்ளம் விழுந்திருந்தது. அந்த நகரம் நிற்பது எரிமலைச் சாம்பலும் நுரைக்கல் துகளும் படிந்த, பாறையாக இறுகாத நிலத்தின் மேல். கழிவுநீர், மழைநீர்க் குழாய்களின் கசிவு நெடுங்காலமாக அந்த மண்ணைக் கரைத்து எடுத்துக்கொண்டிருந்ததை நிலவியலாளர்கள் சுட்டிக்காட்டினர். நீர் இருந்தது, கரையும் மண் இருந்தது, போக வழியும் இருந்தது. மூன்றும் கூடியிருந்தன.

நம் வீடுகளில் இதன் சிறிய வடிவம்தான் நடக்கிறது. குளியலறைக் குழாய் இணைப்பில் ஒரு கீறல், சுவரோரத்தில் உடைந்த கழிவுநீர்த் தொட்டி, தெருவில் மட்டம் தாழ்ந்த பழைய பாதாளச் சாக்கடை. சாக்கடைக் குழாயில் விரிசல் இருந்தால் அது இரண்டு வேலை செய்கிறது. நிரம்பி ஓடும்போது நீரை மண்ணுக்குள் விடுகிறது. வற்றும்போது நீரோடு மணலையும் உள்ளே இழுத்து அடித்துச் செல்கிறது. தெருவில் திடீரென விழும் பள்ளங்கள் பலவற்றுக்கும் அடியில் இப்படி ஒரு குழாய் இருப்பது இதனால்தான்.

பக்கத்து மனையில் தோண்டிய பள்ளம்

2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையில் சென்னை வேளச்சேரியில் கட்டுமானத்துக்காகத் தோண்டியிருந்த ஆழமான பள்ளத்தின் ஓரம் சரிந்தது. ஒட்டியிருந்த இடத்தில் நின்ற கட்டுமானங்கள் மண்ணோடு உள்ளே இறங்கின. பள்ளத்தில் வெள்ளம் நிரம்பியதால் மீட்புப் பணி நாட்கணக்கில் நீண்டது. இருவர் உயிரிழந்தனர்.

நகரங்களில் இப்போது பல அடுக்குமாடிகள் அடித்தள வாகன நிறுத்தத்தோடுதான் எழுகின்றன. ஆழமாகத் தோண்டும்போது பக்கத்து வீட்டின் அஸ்திவாரத்துக்குப் பக்கவாட்டில் முட்டுக் கொடுத்த மண் போய்விடுகிறது. தோண்டிய குழியில் ஊறும் நீரை இரவும் பகலும் மோட்டார் வைத்து இறைக்கிறார்கள். சுற்றிலும் உள்ள நிலத்தடி நீர் குழியை நோக்கி ஓடுகிறது. வடிகட்டி இல்லாமல் இறைத்தால் அந்த நீரோடு நுண்மணலும் வந்துகொண்டே இருக்கும். மோட்டார் கக்கும் நீர் கலங்கலாக இருந்தால், யாருடைய வீட்டுக்கு அடியிலிருந்தோ மண் வருகிறது என்று பொருள்.

இங்கிலாந்தின் வின்செஸ்டர் தேவாலயத்தைச் சரிசெய்தபோது இந்த ஆபத்தை உணர்ந்து செயல்பட்டார்கள். இடைக்காலத்தில் கட்டிய அந்தப் பெருங்கட்டடம், நீர் ஊறிய இளகிய நிலத்தில் அமிழ்ந்துகொண்டிருந்தது. புதிய அஸ்திவாரம் போடத் தோண்டிய குழிகளில் நீர் நிரம்பியது. நீரை முழு வேகத்தில் இறைத்தால் சுவருக்கு அடியிலுள்ள மண்ணும் சேர்ந்து வந்துவிடும். ஆகவே வில்லியம் வாக்கர் என்ற முக்குளிப்பாளரை இறக்கினார்கள். 1906 முதல் 1911 வரை, கை வைத்தால் கை தெரியாத கலங்கல் நீருக்குள், தடவித் தடவி, கான்கிரீட் மூட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கி அவர் அடித்தளத்தை மூடினார். மூடிய பின்னரே நீரை இறைத்து, மேல் வேலையைக் கொத்தனார்கள் முடித்தார்கள். தேவாலயம் இன்றும் நிற்கிறது.

மலைச்சரிவில் ஒரு நகரம்

2023 ஜனவரியில் உத்தராகண்டின் ஜோஷிமட் நகரத்தில் நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் விழுந்தது. குடும்பங்கள் பனிக்காலத்தில் வீட்டைக் காலிசெய்ய வேண்டியிருந்தது. 2022 டிசம்பர் 27 முதல் ஜனவரி 8 வரையிலான 12 நாட்களில் நிலம் 5.4 சென்டிமீட்டர் இறங்கியிருந்ததைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின.

ஜோஷிமட் பாறையின் மேல் நிற்கவில்லை. பழைய நிலச்சரிவு ஒன்று கொண்டுவந்து குவித்த கல்லும் மண்ணும் கலந்த மேட்டின் மேல் நிற்கிறது. அரசு அமைத்த மிஸ்ரா குழு இதை 1976இலேயே எழுதிக்கொடுத்தது. கனமான கட்டடங்கள் வேண்டாம், சரிவின் அடியில் உள்ள பாறாங்கற்களைப் பெயர்க்க வேண்டாம், மழைநீரும் கழிவுநீரும் நிலத்துக்குள் இறங்காதபடி வடிகால் அமையுங்கள், அடிவாரத்தை ஆறு அரிப்பதைத் தடுங்கள், மரம் நடுங்கள் என்பவை அதன் பரிந்துரைகள். நகரம் வளர்ந்தது, ஓட்டல்கள் எழுந்தன, நகரம் முழுவதற்குமான கழிவுநீர் வடிகால் வரவில்லை. ஒவ்வொரு கட்டடத்தின் நீரும் அதன் அடியில் இருந்த மேட்டுக்குள்ளேயே போனது.

சரிவில் வீடு கட்டும் எவருக்கும் இதில் பாடம் உண்டு. மனையின் எல்லையோடு வேலை முடிவதில்லை. மேலே இருப்பவர் விடும் நீர் கீழே இருப்பவரின் அஸ்திவாரத்துக்கு வருகிறது. கீழே ஒருவர் மண்ணை வெட்டினால் மேலே இருப்பவரின் பிடிமானம் பறிபோகிறது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் மனை வாங்குவோர், மனைக்கு மேலும் கீழும் நீர் எங்கே போகிறது என்பதை நடந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

ஆறு தோண்டும் குழி

ஆற்றில் ஒரு தூண் நின்றால், அதில் மோதும் நீர் கீழ்நோக்கிப் பாய்ந்து தூணின் முன்புறத்தில் படுகையைத் தோண்டுகிறது. பிறகு இரு பக்கமும் குதிரை லாடம் போலச் சுழன்று செல்கிறது. வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போதுதான் குழி மிக ஆழமாக இருக்கும். வெள்ளம் வடியும்போது மேலிருந்து வரும் தளர்ந்த மணல் அந்தக் குழியை நிரப்பிவிடும். பிறகு போய்ப் பார்ப்பவருக்குப் படுகை சமமாகவே தெரியும். ஆனால் நிரம்பியிருக்கும் மணலுக்குப் பழைய உறுதி இல்லை.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஸ்கோஹாரி ஓடையின் மேல் 1954இல் திறந்த நெடுஞ்சாலைப் பாலம், 1987 ஏப்ரல் 5 அன்று இப்படித்தான் விழுந்தது. 10 பேர் இறந்தனர். தூணின் ஆழமில்லாத அடித்தளத்தைப் பாதுகாக்கக் கொட்டியிருந்த கற்கள், முந்தைய வெள்ளங்களில் உருண்டு போயிருந்தன. போன கற்களுக்குப் பதில் கற்கள் போதுமான அளவு போடப்படவில்லை. அந்த விபத்துக்குப் பிறகுதான் பாலத் தூண்களின் அரிப்பை மதிப்பிடுவதும், நீருக்கடியில் இறங்கிச் சோதிப்பதும் அமெரிக்காவில் கட்டாயமாயின.

காவிரிக் கரையில் இந்த அறிவு பழையது. கரிகாலனோடு சேர்த்துச் சொல்லப்படும் கல்லணை, ஆழம் தெரியாத மணலில் எழுந்தது. பெரிய கற்களை ஆற்றில் போட்டார்கள். அடியில் உள்ள மணலை நீர் அரிக்க அரிக்கக் கற்கள் இறங்கின. மேலும் கற்கள் போட்டார்கள். இனி இறங்க இடமில்லை என்ற நிலை வந்த பிறகு அதன் மேல் அணை நிலைத்தது. மணற்படுகையில் அடித்தளம் போடும் முறையை இந்த அணையிடமிருந்தே கற்றதாக ஆர்தர் காட்டன் வெளிப்படையாக எழுதினார். கோதாவரியில் தவளேசுவரம் அணையை அவர் கட்டியது அதற்குப் பிறகுதான்.

அரிப்பைக் கொண்டே அரிப்பைத் தடுக்கும் இந்த உத்தியை வட இந்திய ஆறுகளில் ரயில்வே பொறியாளர்கள் விரிவாகப் பயன்படுத்தினார்கள். கரையோரத்தில் கற்களைப் படுக்கையாகப் பரப்பி வைப்பார்கள். ஆறு அந்தப் படுக்கையின் ஓரத்தை அரித்தால், கற்கள் தாமே சரிந்து அரிபட்ட பள்ளத்தின் மேல் கவசமாகப் படியும். இதைப் பற்றி 1903இல் விரிவான நூல் எழுதியவர் பிரான்சிஸ் ஸ்பிரிங். 

ஆழமாக இறங்குவது இன்னொரு வழி. உள்ளீடற்ற கிணற்று வட்டத்தைக் கட்டி, உள்ளே இருந்து மண்ணைத் தோண்டத் தோண்ட அதைத் தன் எடையாலேயே இறக்கும் கிணற்று அஸ்திவாரம், இந்தியாவில் நெடுங்கால வழக்கம். யமுனைக் கரையில் தாஜ்மகால் நிற்பது இத்தகைய கிணறுகளின் மேல். வெள்ளம் எவ்வளவு ஆழம் அரிக்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, அதற்கும் கீழே அடித்தளத்தை வைப்பதுதான் இன்றைய பாலங்களின் விதி. ஆனால் அந்தக் கணக்கு ஆற்றுப்படுகை இருக்கும் மட்டத்தை நம்பியிருக்கிறது. மணல் அள்ளிப் படுகையைப் பல அடி தாழ்த்திவிட்டால், ஆழமாகப் போட்ட அஸ்திவாரம் ஆழமில்லாததாகிவிடுகிறது. ஆற்றில் அள்ளும் ஒவ்வொரு லாரி மணலும் ஏதோ ஒரு பாலத்தின் ஆயுளிலிருந்து எடுத்ததுதான்.

கடலோரத்தில்

தரங்கம்பாடியில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. எஞ்சிய பகுதியைக் கருங்கற்களைக் குவித்துத்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது. அதைவிடப் பல நூற்றாண்டுகள் முந்தைய மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலோ, 2004 சுனாமியையும் தாங்கியது. அது பாறையின் மேல் அமர்ந்திருக்கிறது. சுனாமி சுற்றியிருந்த மணலை வாரிச் சென்றபோது, அதுவரை புதைந்திருந்த பாறைச் சிற்பங்கள் வெளியே தெரிந்தன. மணல் போனது, பாறை நின்றது, கோயிலும் நின்றது.

சோழமண்டலக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. குறுக்கே ஒரு சுவர் நீட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே மணல் வராமல் கரை அரிபடும். சென்னைத் துறைமுகம் எழுந்த பிறகு மெரினா அகன்றதும் இராயபுரத்திலிருந்து வடக்கே கரை தேய்ந்ததும் இப்படித்தான். புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் வந்தபின் நகரின் கடற்கரை மறைந்தது. கரையைக் காக்கக் கல் கொட்டினார்கள். அரிப்பு வடக்கே நகர்ந்து பொம்மையார்பாளையம், சின்னமுதலியார்சாவடி போன்ற மீனவ ஊர்களுக்குப் போனது. வீடுகள் அடிமண் இழந்து விழுந்தன. புதுச்சேரியின் பழைய துறைமுகப் பாலத்திலும் ஒரு பகுதி 2022 மார்ச்சில் கடலில் இடிந்து விழுந்தது.

மீனவர்கள் கேட்கும் தூண்டில் வளைவுகள், அதாவது கடலுக்குள் நீட்டிப் போடும் கல் தடுப்புகள், ஓர் ஊரின் கரையைக் காப்பாற்றுகின்றன. ஆனால் மணலின் பயணத்தை முழுதாகக் கணக்கிடாமல் போட்டால், அடுத்த ஊரின் பங்கைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. புதுச்சேரியில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் திட்டப்படி நீருக்குள் அமைத்த செயற்கைத் திட்டு அலையின் வேகத்தைக் குறைத்து, தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணலை மீண்டும் சேர்த்திருக்கிறது. பின்வாங்குவதும் ஒரு வழிதான். அமெரிக்காவின் ஹாட்டராஸ் முனையில் 1870இல் கட்டிய கலங்கரை விளக்கத்தைக் கடல் நெருங்கியபோது, 1999இல் சுமார் 60 மீட்டர் உயரமுள்ள அந்தக் கோபுரத்தை அப்படியே தூக்கி, தண்டவாளத்தில் வைத்து, ஏறக்குறைய 880 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள். சாதாரணக் குடும்பங்களுக்கு அந்த வசதி கிடையாது. அவர்களுக்கு, கட்டுவதற்கு முன்பே தள்ளிக் கட்டுவதுதான் பாதுகாப்பு.

வீடு காட்டும் அறிகுறிகள்

அடிமண் போகத் தொடங்கிய வீடு அதை முன்கூட்டியே காட்டும். சன்னல் மூலையிலிருந்தும் கதவு மூலையிலிருந்தும் சாய்வாக ஓடும் விரிசல் முதல் அறிகுறி. செங்கல் சுவரில் அது படிக்கட்டு போல இறங்கும். ஒரு முனையில் மெல்லியதாகவும் மறுமுனையில் அகன்றும் இருந்தால், சுவரின் ஒரு பகுதி மட்டும் இறங்குகிறது. நேற்றுவரை எளிதாக மூடிய கதவு உரசும். தரைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி விழும். சுற்றுத்தளம் சுவரிலிருந்து விலகும். மழைக்குப் பிறகு சுவரோரத்தில் சிறு துளைகளும், அவற்றின் வாயில் நுண்மணல் குவியலும் தெரிந்தால் உள்ளே குடைவு நடக்கிறது.

பூச்சில் தோன்றும் முடிக்கீறல்கள் வேறு. அவை சிமெண்டு உலரும்போது வருபவை. கரிசல் மண்ணில் கோடையில் திறந்து மழையில் மூடும் விரிசல்களும் வேறு. அங்கே மண் போவதில்லை, சுருங்கி விரிகிறது. அதற்கான மருத்துவமும் தனி. எது என்று தெரியாமல் விரிசலில் சிமெண்டைப் பூசி வண்ணம் அடிப்பது, நோயை மறைத்து வைப்பதாகும்.

என்ன செய்யலாம்

முதல் வேலை நீரை விலக்குவது. மாடிக் குழாயைச் சுவரோரத்தில் விடாமல் வடிகாலுக்கோ மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டிக்கோ கொண்டுபோக வேண்டும். தமிழ்நாட்டில் 2003இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பு நிலத்தடி நீருக்குப் பெரும் நன்மை செய்தது. ஆனால் ஊறல் குழியை இடமில்லை என்று அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்டக் கூடாது. சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி அமைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. வீட்டைச் சுற்றி இரண்டரை, மூன்று அடி அகலத்துக்கு வெளிப்புறம் சாயும் கான்கிரீட் சுற்றுத்தளம் போட்டு, அதன் ஓரத்தில் வாய்க்கால் அமைக்கலாம். அதற்கப்பால் உள்ள தரையும் மூன்று மீட்டர் தூரத்துக்குள் 15 சென்டிமீட்டராவது இறங்க வேண்டும். கட்டும்போதே செய்தால் மொத்தச் செலவில் இது மிகச் சிறிய பங்கு. விழத் தொடங்கிய வீட்டுக்கு அடியில் புதிய அஸ்திவாரம் கொடுப்பதற்கு ஆகும் செலவோடு இதை ஒப்பிடவே முடியாது.

இரண்டாவது, மண்ணைப் பிடித்து வைப்பது. சரிவில் வெட்டிவேரை நெருக்கமாக வரிசை கட்டி நட்டால் அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் மூன்று மீட்டர் ஆழம் வரை நேராக இறங்கும். அந்த வேர்களின் இழுவைத் தாங்குதிறன் சாதாரண இரும்புக் கம்பியினுடையதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு என்று அளந்திருக்கிறார்கள். புல் வேர் பிடிக்கும்வரை மண்ணைக் காக்கத் தென்னை நார் விரிப்பு போதும். சில ஆண்டுகளில் அது மக்கும்போது செடிகள் அந்த வேலையை எடுத்துக்கொண்டிருக்கும். சுவரை ஒட்டிப் பெரிய மரங்களை மட்டும் தவிர்க்க வேண்டும்.

மூன்றாவது, மண் வெளியேறும் வழியை அடைத்து, நீருக்கு மட்டும் வழிவிடுவது. மண்ணியல் பொறியியலின் தந்தை எனப்படும் கார்ல் டெர்சாகி வகுத்த வடிகட்டி விதி இதற்குத்தான். ஒரே அளவுள்ள மூன்று உருண்டைகள் ஒன்றையொன்று தொட்டு நின்றால், நடுவே உள்ள சந்தில் அவற்றின் விட்டத்தில் ஆறில் ஒரு பங்கைவிடச் சற்றுச் சிறிய உருண்டைதான் நுழைய முடியும். ஆகவே மண்ணைவிட நான்கைந்து மடங்குக்கு மேல் பருக்காத மணலை முதலில் வைத்து, அடுத்து சிறு ஜல்லி, அதற்கடுத்து பெரிய ஜல்லி என்று அடுக்கினால் நீர் தாராளமாக வெளியேறும், மண் உள்ளேயே நிற்கும். தாங்குசுவர் கட்டுவோர் துளைக் குழாய் வைத்துவிட்டு அதன் பின்னால் இந்த அடுக்கை வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஒன்று, துளை அடைபட்டு நீர் தேங்கிச் சுவரைத் தள்ளும். அல்லது துளை வழியே மண் ஒழுகிச் சுவருக்குப் பின்னால் வெற்றிடம் விழும்.

அரசுகள் செய்ய வேண்டியதும் உண்டு. ஆழமான பள்ளம் தோண்ட அனுமதி கொடுக்கும்போது, பக்கத்து வீடுகளின் நிலையைப் பதிவுசெய்வதும், மண் தாங்கும் தடுப்புச் சுவரை எழுப்பிய பிறகே தோண்ட விடுவதும், இறைக்கும் நீர் தெளிவாக இருக்கிறதா என்று சோதிப்பதும் நடைமுறையில் உறுதியாக வேண்டும். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் பாலத் தூண்களின் அடியை அளக்க வேண்டும். பழைய சாக்கடைக் குழாய்களைத் தெரு இடிந்து விழும் முன்பே மாற்ற வேண்டும்.

வீட்டுக்காரர்கள் செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், அரை நாள் ஒதுக்கினால் போதும். மாடியின் நீர்த் துளைகளைச் சுத்தம் செய்து, குழாய் முடியும் இடத்தைப் பார்த்து, சுவரோரப் பள்ளங்களை மண் போட்டு இடித்து மூடி, ஒரு குடம் நீரைச் சுற்றுத்தளத்தில் ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனிக்க வேண்டும். விரிசல் இருந்தால் அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி வைக்க வேண்டும். மழை ஓய்ந்த ஜனவரியில் விரிசல் அந்தக் கோடுகளைத் தாண்டியிருந்தால், பெயிண்டரைக் கூப்பிடுவதற்கு முன் கட்டுமானப் பொறியாளர் ஒருவரை அழைத்து, சுவரை ஒட்டிச் சிறு சோதனைக் குழி ஒன்று தோண்டி, அஸ்திவாரத்துக்கு அடியில் மண் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.